இலியாவுக்கு நான் எழுதிய ஊர்ப்பெயர்

தோபோலினா,
2019 நவம்பர் 17, ஞாயிறு

அன்புள்ள போயானாவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்போடு இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி காலையில் மட்டும்தான், நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது. முட்டைக்கோஸ் இரண்டு பீப்பாய் உப்பில் போட்டாகிவிட்டது, இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு பீப்பாய் என்று கேட்டால் போன வருஷமும் அவ்வளவுதானே போட்டோம் என்கிறாள். மழை சரியாக இல்லாததால் சோளம் சுமார்தான். போன வாரம் நீ போன் செய்தபோது நான் வெளியே போயிருப்பதாக அம்மா சொன்னாள். நான் எங்கும் போகவில்லை, அடுப்பங்கரையில்தான் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை போனில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இலியா இறந்துவிட்டார். மூன்றாம் தெரு டிராக்டர் மெக்கானிக் இலியா, நீ நோவிசாடில் படித்தபோது உன் மொபெட்டை மூன்று முறை பழுதுபார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் காசு வேண்டாம் என்றவர். ஆறாம் தேதி புதன்கிழமை காலை பட்டறையில் குனிந்தவர் நிமிரவில்லை. வயது எழுபத்தொன்று. 95 ஆகஸ்டில் அவரும் மனைவி ஸ்மில்யாவும் மகன் ஸ்தேவானும் போருக்குத் தப்பிக் குரோவேஷியாவிலிருந்து டிராக்டரில் வந்து இறங்கியது உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது பதினாறு வயது. ஒன்பது நாள் பயணம், பின்னால் இழுவண்டியில் ஒரு மெத்தை, ஒரு தையல் மெஷின், இரண்டு ஆடு. அந்த வருஷம் அப்படி நாற்பது குடும்பம் வந்தது. ஊரில் அவர்களுக்கு டிராக்டர்காரர்கள் என்று பெயர் விழுந்தது, இருபத்துநாலு வருஷமாக அந்தப் பெயர் மாறவில்லை. நாம் ஊரின் பழைய ஆட்கள் என்று நம்மவர்களுக்கு ஒரு பெருமை. இத்தனைக்கும் நாமே 46-இல், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, போஸ்னியாவிலிருந்து மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் வந்து, ஜெர்மானியர் விட்டுப்போன வீடுகளில் குடியேறியவர்கள். நம் வீட்டு நிலைப்படியில் அவர்கள் செதுக்கிய எழுத்து இன்னும் இருக்கிறது. ஆனால் யாரும் அதைப் பேசுவதில்லை. இலியா மட்டும்தான் பேசுவார். மதுக்கடையில் ஒரு தடவை என் கூட்டாளி வேலிமிர் எல்லோர் முன்னாலும், "என்ன இலியா, வண்டி இன்ஜினை இன்னும் அணைக்கலயா, எப்போ கிளம்பற?" என்று கேட்டான். இலியா கண்ணாடிக் குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க வந்த ரயில் இன்னும் ஸ்டேஷன்லயே நிக்குதாம் அண்ணே. டிக்கெட்காரன் உங்களைத்தான் தேடறான்" என்றார். கடையே சிரித்தது, வேலிமிர்தான் அதிகமாகச் சிரித்தான். இரண்டு பேருக்கும் அது வாரம் ஒரு முறை நடக்கும் வழக்கம்.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊரில் யார் போனாலும் மரண அறிவிப்பு எழுதுவது நான்தான் என்பது உனக்குத் தெரியும். பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு, துக்கப்படுகிறவர்கள் யார் யார், எல்லாம் பிழையில்லாமல் இருக்க வேண்டும், கறுப்புக் கட்டம் போட்டு டவுனில் அச்சடித்து, கோவில் வாசல், ரொட்டிக்கடை, பஸ் நிற்கும் இடத்து மரம் என்று ஒட்ட வேண்டும். பழைய குடும்பம் என்றால் பெயருக்கு அடியில் தோபோலினா என்று மட்டும் இருக்கும். டிராக்டரில் வந்தவர்களுக்கு அவர்கள் விட்டுவந்த ஊரைப் போடுவோம். யார் சட்டம் போட்டார்கள் என்றால் யாரும் இல்லை, முதல் அறிவிப்பில் நான் அப்படி எழுதினேன், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இதற்கு முன் ஏழு பேருக்கு அப்படித்தான் எழுதினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் செய்தி எழுதியவன் செய்யக் கூடாத தப்பு அது.

புதன்கிழமை மதியம் ஸ்தேவான் வந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான். அப்பாவின் பிறந்த தேதி, அம்மா பெயர், தன் பெயர், தன் மனைவி பெயர் எல்லாம் சொன்னான். கடைசியில், "ஊர் தோபோலினான்னு மட்டும் போடுங்க மாமா, அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றான். நான் தலையாட்டினேன். அவன் போன பிறகு வேலிமிர் வந்தான், மேஜையில் இருந்த தாளை எடுத்துப் படித்தான். ஊர்ப்பெயருக்கு இடம் விட்டிருந்தேன். அவன் சொன்னது, "நம்ம இலியாதான், எனக்கும் வருத்தம்தான். ஆனா எல்லாரையும் இந்த ஊருன்னு எழுதிட்டா அப்புறம் நாம யாரு?"  அவனை வாசல்வரை அனுப்பிவிட்டு மேஜைக்குத் திரும்பினேன். பிறகு, "கோரினாவிலிருந்து வந்த" என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லையே, அவர் பிறந்தது கோரினாதானே, விவரம் சரியாக இருக்க வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்து எழுதினேன் என்று உன்னிடம் சொல்லலாம், ஆனால் அது உண்மையில்லை. தெரிந்துதான் எழுதினேன்.

வியாழன் காலை ஒட்டினோம். சாயங்காலம் ஸ்மில்யா ஆள் அனுப்பினாள். போனேன். சவப்பெட்டி நடு அறையில், மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்தில் நாலைந்து பெண்கள். அவள் அழவில்லை. பஸ் நிறுத்தத்து மரத்திலிருந்து கிழித்து வந்த தாள் அவள் மடியில் இருந்தது, மூலையில் மரப்பட்டை ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, உங்க அப்பா கல்லறைக் கல்லுல என்ன ஊர் போட்டிருக்கு?" நான் தோபோலினா என்றேன். "அவரு இங்கயா பொறந்தாரு?" இல்லை என்றேன். போஸ்னியாவில், யாவோராவில். "அந்தக் கல்லை எழுதினதும் நீங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன், நாளைக் காலையில் வேறு அச்சடித்து ஒட்டிவிடுகிறேன் என்றேன். அவள் சொன்னாள், "இருபத்துநாலு வருஷம் நான் வாயைத் திறக்கல. கிண்டல் பண்ணும்போதும் திறக்கல, அவரே சிரிக்கறாரே, நமக்கென்னன்னு இருந்தேன். ஆனா இது கிண்டல் இல்ல. அவரு உங்க ஆளு இல்லன்னு எழுதி மரத்துல ஒட்டிட்டீங்க. சரி. அப்போ அவரை அவரு ஊருக்கே கூட்டிட்டுப் போறேன்." கோரினாவில் இப்போது பதினொரு கிழவர்கள்தான் இருக்கிறார்கள் போயானா, வீடுகளில் கூரை கிடையாது, இலியாவே அங்கே ஒரே ஒரு முறைதான் போய்வந்தார், போய்வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கோபத்தில் சொல்கிறாள், விடிந்தால் ஆறிவிடும் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. அதுவும் என் தப்புதான்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய்ப் புது அறிவிப்பை அச்சடித்தேன். தோபோலினா என்று மட்டும். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து கோவில் வாசலில் பழையதன் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தபோது ரொட்டிக்கடைப் பெண் வெளியே வந்து, பத்து மணிக்கே டவுனிலிருந்து சவ வண்டி வந்து பெட்டியையும் ஸ்மில்யாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றாள். எல்லை தாண்டும் காகிதம் வரும்வரை டவுன் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களாம். பசை கையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஐந்து பேர் குழி வெட்டி முடித்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், விடிந்ததிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். வேலிமிரும் இருந்தான், எழுபத்தைந்து வயதில் மண்வெட்டியோடு, முழங்கால்வரை சேறு. டிராக்டரில் வந்தவர்களை எப்போதும் வேலியோரம்தான் புதைப்போம், அது உனக்கும் தெரியும். இவர்கள் குழி வெட்டியிருந்தது இரண்டாம் வரிசையில், வேலிமிரின் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், அவன் தனக்கென்று வைத்திருந்த இடத்தில். இதை எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டேன். "இதுல முடிவு பண்ண என்ன இருக்கு?" என்றான். "அவன் பக்கத்துல இல்லன்னா எனக்கு யாரு பதில் சொல்லுவா?" அப்புறம்தான் நான் சொன்னேன், இலியா வரமாட்டார் என்று. அவன் என் கையிலிருந்த புது அறிவிப்பை வாங்கிப் படித்தான். முந்தாநாள் தான் சொன்னது அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "நான் ஆயிரம் சொல்லுவேன். எழுதறவன் நீதானே" என்றான். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.

வெட்டிய குழி வெறுமையாக இருக்கப் பொழுது சாயக் கூடாது, அடுத்த ஆளைக் கூப்பிடும் என்பார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொன்னார், மதியம் மூன்று மணிக்கு, அடக்கம் என்று அறிவிப்பில் நான் போட்டிருந்த அதே நேரத்துக்கு, அந்த ஐந்து பேரும் வெட்டிய மண்ணை மறுபடியும் தள்ளினார்கள். கறுப்பு உடுத்தி வந்த ஜனம் பாதி ஊர் இருக்கும், போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் சுற்றி நின்றது. பெட்டி இல்லாததால் மண் மேடாகவில்லை, தரைமட்டத்துக்குத்தான் வந்தது. பெண்கள் கொண்டுவந்த மாலைகளை அங்கே வைக்கலாமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், பிறகு வீட்டுக்கே எடுத்துப்போனார்கள்.

ஸ்மில்யா இன்னும் திரும்பவில்லை. அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை, வரவேண்டிய கட்டாயமும் இல்லை. பட்டறை பூட்டியிருக்கிறது. ஸ்தேவான் ஒருநாள் மட்டும் வந்து கருவிகளை வண்டியில் ஏற்றினான், வணக்கம் சொன்னான், மாமா என்று கூப்பிடவில்லை. நாற்பதாம் நாளுக்கும் அறிவிப்புப் போடுவது வழக்கம், டிசம்பர் நடுவில் வருகிறது. அதை எழுத என்னை யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அங்கே பனி தொடங்கியிருக்கும், வண்டியை மெதுவாக ஓட்டச் சொல் மாப்பிள்ளையை. கடவுள் உங்கள் நால்வரையும் காப்பாற்றட்டும், உங்கள் வாசலில் நல்லதே நுழையட்டும். இன்னும் ஒன்று, இதை மறக்காமல் எங்காவது குறித்து வைத்துக்கொள். ஒருநாள் எனக்கும் யாராவது அறிவிப்பு எழுதுவார்கள், விவரம் கேட்டு உனக்குத்தான் போன் வரும். பெயரும் வயதும் சொன்ன பிறகு, போஸ்னியாவின் யாவோராவிலிருந்து வந்தவர் என்று போடச் சொல். வேண்டாம், அவர் நம்ம ஊர் என்று அவர்கள் சொல்வார்கள். நீ விட்டுக்கொடுக்காதே.

உன்னை நினைத்தபடி இருக்கும் அப்பா,
கோய்கோ