எனக்குச் சம்மதமாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம், இடுப்புக்குக் கீழே உள்ளதைத் தவிர என் உடம்பில் மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அப்பா புதுக் கண்ணாடி வாங்கிவிட்டார், அதைத் தேடித் தருவதுதான் இப்போது எனக்கு வேலை. தையல் மெஷினுக்குக் கையால் அழுத்துகிற விசை வைத்த பிறகு துணி தேங்குவதில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் தெருக்கோடிப் பூங்காவுக்குள் பைக்குகள் புகுந்து போகின்றன என்று வாசலில் இரும்புத் தூண்கள் நட சங்கத்தில் முடிவெடுக்க இருந்தார்கள். எல்லோருடைய கருத்தும் வேண்டும் என்று பெரிய போர்டு வைத்தார்கள், அதில் சக்கர நாற்காலியில் நான் சிரிக்கிற படம். எடுத்தது உன் மாமாதான், அவன்தானே செயலாளர். கூட்டம் மட்டும் மாடியில், லிஃப்ட் கிடையாது. "நீ கீழயே உக்காருக்கா, நீ சொல்ல நினைக்கறத நான் மேல சொல்லிடறேன்" என்றான். தூண் நடட்டும், என் நாற்காலி நுழைய இடம் விடச் சொல் என்றேன், தலையாட்டிவிட்டுப் போனான். ஸ்கூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்து மேலே கைதட்டுவதைக் கேட்டேன், எனக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன் பார்.

முதலில் இறங்கி வந்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டு வாத்தியார். அவருக்குக் கண் தெரியாது என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் சுவரில் வரைபடம் போட்டு இங்க பாருங்க, அங்க பாருங்க என்றே பேசினார்களாம், நான் எங்கம்மா பாக்கறது என்று சிரித்தார். பிறகு என் தோளைத் தொட்டு, "ஆனா பெரிய மனசும்மா உங்களுக்கு, நெருக்கமா நட்டாலும் பரவாயில்லன்னுட்டீங்களாமே, உங்களுக்குச் சம்மதம்னு தம்பி சொன்னாரே" என்றார். உன் மாமாவைக் கேட்டால், "ஒருத்தர் ஆட்சேபம்னு சொன்னாலும் கூட்டம் இழுத்துக்கிட்டே போகும்கா, உனக்குத்தான் வீட்டு வாசல்லயே காத்து வருதே" என்கிறான். அம்மா போன பிறகு, நான் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் என் இடுப்பிலேயே வளர்ந்தவன்டி அவன். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

தூண்களை நட்டும்விட்டார்கள். மறுநாள் போனேன், நாற்காலி பாதியிலேயே மாட்டிக்கொண்டது, முன்னும் போகவில்லை பின்னும் வரவில்லை. இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து வந்த எதிர்வீட்டுப் பெண்ணும் எனக்குப் பின்னால் நின்றுவிட்டாள். அவளும் வாத்தியாரும்தான் வீடு வீடாகச் சொல்லி அடுத்த கூட்டத்தை அந்த வாசலிலேயே வைக்கச் செய்தார்கள். வரைபடத்தை ஒருவர் வார்த்தை வார்த்தையாக விளக்கினார், வாத்தியார் தூண்களைத் தடவிப் பார்த்துக் கேள்வி கேட்டார். நான் என் வாயாலேயே பேசி முடித்தேன். ஒரு தூணைப் பிடுங்கித் தள்ளி நட ஒத்துக்கொண்டார்கள். உன் மாமாவும் கை தூக்கினான். தூக்கியதோடு விட்டானா, "எங்க அக்காவாக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமை வேறு. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. செய்ததே அவனுக்கு உறைக்கவில்லை.

இப்போது தினமும் பூங்காவுக்குப் போகிறேன். அவன் வீட்டுக்கு வந்தால் அப்பா காபி கொடுக்கிறார், நான் மெஷினை ஓட்டுகிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு சந்தோஷமாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாமா உனக்குப் போன் பண்ணுவான், அழுதாலும் அழுவான், அவன் பக்கத்தைப் பொறுமையாகக் கேள். ஆனால் அவன் மேல் இரக்கப்பட்டு, அம்மா மன்னிச்சிட்டாங்க மாமா என்று சொல்லிவிடாதே. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா