கட்டி போன பிறகு எதுக்கு மாத்திரை?

என் அன்பு சாந்தியக்கா,

நேற்று டாக்டரம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, உனக்கு இருந்த அதே தைராய்டு கட்டிதான் என்றார். அதற்குக்கூட நான் அசரவில்லை. பிறகு அவர் சொன்ன கதைதான் என்னைப் போட்டு உலுக்கிவிட்டது.

"பயப்படாதீங்க. ஒரு காலத்துல கழுத்துல கத்தி வெச்சா ரத்தம் நிக்காம ஆளு போயிருவாங்க. அப்புறம் சுவிட்சர்லாந்துல ஒரு டாக்டரு ரத்தத்தை அடக்கி அறுக்கப் பழகினாருங்க. கட்டி வந்த தைராய்டு சுரப்பியை முழுசா எடுத்தாரு, ஆளுங்க பொழச்சாங்க" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"ஆனா அதுல ஒரு புள்ள, மூஞ்சி உப்பி, மந்தமாயிருச்சுங்க. அதுக்கு ஒரு தங்கச்சி. முன்னால ரெண்டும் ஒரே அச்சாம். தங்கச்சி மளமளன்னு வளந்துருச்சு, அக்கா வளராம குறுகிப் போயிருச்சு. சுரப்பி இல்லாம உடம்பு ஓடாதுன்னு அப்பத்தான் அவருக்குப் புரிஞ்சுதுங்க. அதுக்குத்தான் இப்ப தினம் மாத்திரை."

"அதை நிறுத்திட்டா என்னாகுங்க?" என்றேன்.

"அதே கதிதானுங்க. கடைசில இருதயமும் ஓஞ்சிரும்."

அக்கா, உன் ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தானே? வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் டீ குடிக்கக் கூடாது. ஏழு மணிக்குப் பனியன் கம்பெனி வேன் வந்துவிடும். "கட்டிதான் போயிருச்சே, இன்னும் எதுக்குக்கா மாத்திரை? செக்கிங்ல பாஸான பீஸை யாராச்சும் மறுக்கா பிரிப்பாங்களா?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

ஆறு மாதத்தில் உன் முகம் உப்பியது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னாய். ஓவர்லாக் தையல் மெஷினில் தூங்கி வழிந்தாய். லைன் சூப்பர்வைசர் நான். அத்தனை பேர் முன்னால், "தின்னுட்டுத் தூங்குனா உடம்பு இப்படித்தான் வெக்கும்" என்று கையைப் பிடித்து எழுப்பி, நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்தேன். உன் கை சில்லென்று இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. நீ ஏன் ஒன்றும் பேசவில்லை? பேசவே முடியவில்லையா?

அந்த மார்கழியில் உன் நெஞ்சு நின்றுபோனபோது, விதி என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

அந்த சுவிட்சர்லாந்து டாக்டர் தன் தப்பைப் பெரிய சபையில் தானே எழுந்து சொன்னாராம். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். என் அக்கா சோம்பேறி இல்லை. அந்தப் பேரை வைத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். மாத்திரையை ஒருநாளும் விடமாட்டேன். வேன் போனால் போகட்டும், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். இனி என் லைனில் எவளாவது மெஷின்மேல் தூங்கி விழுந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கையைத் தொட்டுப் பார்ப்பேன்.

உன்னை உரித்து வைத்த மாதிரி இருக்கிறாள் என்று அவிநாசிபாளையமே சொல்லும்,
உன் தங்கச்சி மல்லிகா