மெர்வினின் கல்லும் முந்நூற்று இருபது மூட்டையும்

ஜூன் 12, திங்கள்

என் வாயைத்தான் முதலில் கட்டிப்போட வேண்டும். இந்தத் தென்கோளத்தில் ஜூனில்தான் குளிர்காலம் தொடங்குகிறது; பனிச்சறுக்குச் சங்கக் கூட்டத்தில் என் அண்ணன் மெர்வின், தலைவர் என்கிற கெத்தில், "புது லிஃப்ட் ஜூலை ஒண்ணாம் தேதி ஓடுமா? இல்ல, பார்த்துக்க வெளியாளை வரச் சொல்லவா?" என்றான். பத்தொன்பது வருடமாக, வடத்தில் தொங்கும் நாற்காலியில் ஆளை மலையேற்றும் பழைய லிஃப்டை ஓட்டிக் காட்டியவள் நான். வெளியாளா? அங்கேயே ஒரு தாளை இழுத்து எழுதிக் கொடுத்தேன்: ஒன்றாம் தேதி ஓடாவிட்டால் இதுவே என் ராஜினாமா. கையெழுத்தும் போட்டேன். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது. இந்த வேலை இல்லாமல் நான் என்ன செய்வேன்?

ஜூன் 19

நாற்பதாவது நாற்காலியும் மாட்டியாயிற்று. பழையதில் இரண்டு பேர், இதில் நான்கு பேர். அழகாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 24, சனி

மெர்வின் ஒரு கருங்கல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். "மெர்வின் டிரெகியர் லிஃப்ட்" என்று பொன்னெழுத்து. எடை இருநூற்று முப்பது கிலோ. கீழ் நிலையத்தின் வாசலில் நடப்போகிறானாம்.

"செத்தவங்களுக்குத்தான் கல்லு வைப்பாங்க" என்றேன்.

"உனக்குப் பொறாமைடி, டெஸ்."

கொஞ்சம் உண்டுதான்.

ஜூன் 27, செவ்வாய்

தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. வியாழக்கிழமை சோதனை அதிகாரி வருகிறார். மேலேறும் இருபது நாற்காலிகளிலும் நாலு ஆள் கனத்துக்கு, நானூறு கிலோ வீதம் ஏற்றி, ஓட்டி நிறுத்திக் காட்ட வேண்டும். தண்ணீர்ப் பீப்பாய்தான் வழக்கம். தண்ணீருக்கு எங்கே போவேன்? வேறு வழியில்லாமல் மெர்வினிடமே போய் நின்றேன். மலையடிவாரத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவன் அவன்தான். "இருபத்தஞ்சு கிலோ மூட்டை முந்நூத்தி இருபதா!" என்று தலையில் கைவைத்தான். ஆனால் கொடுத்தான்.

ஜூன் 28

இன்றே ஏற்றிக் கட்டிவிட்டேன். நாளைக்கு அவசரப்பட வேண்டாமே என்றுதான். மெர்வின் மட்டும், "வெளியில விடாத, கீயா வரும்" என்றான். கீயா எங்கள் மலைக்கிளி.

"கிளிக்கு உருளைக்கிழங்கு பிடிக்காது" என்றேன், பெரிய பறவை டாக்டர் மாதிரி.

ஜூன் 29, வியாழன்

பிடிக்கவில்லைதான். ஒன்றைக்கூடத் தின்னவில்லை, பாவிகள்! நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கடைசி நாற்காலியில் பதினோரு மூட்டையைக் கிழித்து, கிழங்கு சரிவில் உருள்வதை வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. எங்கள் சமையற்காரி ஹினெமோவா கூடையோடு ஓடினாள். புதுப் பனியில் தோண்டித் தோண்டிப் பொறுக்கியும் இரண்டு மூட்டைதான் தேறியது. இன்னும் இருநூற்று இருபத்தைந்து கிலோ வேண்டும். அதிகாரி பட்டர்வொர்த் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவேன்மா. அடுத்து மூணு வாரம் கழிச்சுத்தான்."

போச்சு. எல்லாம் போச்சு. பத்தொன்பது வருஷம், ஒரு கிளி — நான் மெர்வினைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதிருப்பேன்.

அவன் தொண்டையைச் செருமினான். "என் கல்லை ஏத்து."

"மெர்வின், கீறல் விழுந்தா என்னைச் சொல்லக் கூடாது."

"ஏத்துடின்னா!"

லாரி வார் போட்டு இறுக்கிக் கட்டினோம். ஓட்டினேன். அவசர பிரேக்கைப் போட்டேன். மலையே ஒரு முறை குலுங்கியது போலிருந்தது. கல் அசையவில்லை, வடம் பின்னால் ஓரடிகூட நழுவவில்லை. பட்டர்வொர்த் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பேர் பொறிச்ச கல்லை எடைக்கு வெச்சது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

இறங்குகிற பக்கம் பாரம் கூடாது என்பதால் எல்லாவற்றையும் உச்சியிலேயே இறக்கினோம். மூட்டைகளைப் பனி வண்டி கீழே கொண்டுவந்துவிட்டது. கல்லை ஆறு பேர் சேர்ந்து இறக்கினோம். திரும்பத் தூக்க ஒருவரும் முன்வரவில்லை.

ஜூன் 30

என் ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். "எங்கேயோ பத்திரமா இருக்கும் போ" என்கிறான். ஆகாதவன்! அடுத்த சண்டைக்கு எடுத்து நீட்டலாம் என்று வைத்திருக்கிறான். கடப்பாரையோடு தனியாக உச்சிக்குப் போய் வந்தான். எதற்கென்று கேட்கவில்லை.

ஜூலை 1, சனி

ஓடியது. காலை எட்டரைக்கு முதல் நாற்காலி. மதியம் எல்லோருக்கும் ஹினெமோவாவின் வறுத்த உருளைக்கிழங்கு. ஊரே இதை இப்போது கிழங்கு லிஃப்ட் என்கிறது. மெர்வின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சாயங்காலம் கடைசி ஆள் இறங்கியபின் உச்சியைச் சரிபார்க்கப் போனேன். கல் நிமிர்ந்து நின்றது. பொன்னெழுத்தின் மேல் கிளி எச்சம். மேடு பள்ளமான பாறையில் அது ஆடாமலிருக்க, ஒரு மூலைக்கடியில் எதையோ மடித்துச் செருகியிருந்தான். குனிந்து பார்த்தேன். தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் என் கையெழுத்து.

ஒரு கிளி அந்த நுனியைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏய், விடு அதை!" என்று துரத்தினேன். நுனியைக் கட்டைவிரலால் உள்ளே நன்றாகத் தள்ளிவிட்டு இறங்கி வந்தேன்.