தாழ் போடாதீர்கள்

அப்பா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். டெஸ்டுக்கு எடுத்த உங்கள் சாம்பிள் எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்குத்தான் வந்தது. வீட்டு ஆட்களுடையதை நாங்கள் தொடக் கூடாது. சீனியர் அக்காதான் பார்த்தார். எப்போதும் என்னை வம்புக்கு இழுப்பவர், நேற்று பார்த்து முடித்ததும் என் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, “நீ வீட்டுக்குப் போம்மா” என்றார். ரிசல்ட் நன்றாக இருந்தால் போனிலேயே சொல்லிவிடுவார்கள். நம்மை நாளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். “எமனே வந்தாலும் டோக்கன் வாங்கிட்டு நிக்கணும்” என்று அன்று ஆஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்து நீங்கள் சொன்னபோது சிரித்தேன். இப்போது முடியவில்லை.

வார்டில் ரத்தம் எடுக்கப் போகும்போது, இன்னும் சம்பாதித்திருக்கலாம் என்று யாரும் புலம்பிக் கேட்டதில்லை. “அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்” என்றுதான் புலம்புகிறார்கள். நீங்களோ அண்ணன் பேச்சை எடுத்தாலே, “முதல்ல அவன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் நடந்த சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. அப்புறம் என்று ஒன்று இருக்குமா என்றுதான் பயமாக இருக்கிறது.

அண்ணன் இன்று மாலை வருகிறான். நீங்கள் பூட்டி வைத்த அவன் அறையைத் திறந்து பெருக்கிவிட்டேன். சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

பி.கு.: வாசல் கதவைத் தாழ் போடாதீர்கள். தாழ் போட்டிருந்தால் அவன் தட்ட மாட்டான், அப்படியே திரும்பிப் போய்விடுவான்.

இன்னொன்று. டெஸ்ட் எடுத்ததே அவனுக்குத் தெரியாது. “அப்பா உன்னைப் பார்க்கணும்னு சொன்னார்” என்று மட்டும்தான் சொன்னேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.