நாலாம் மலையில் வெட்டிய வேர்

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்,
9.11.1992

அன்புள்ள மகன் குகநேசனுக்கு,

நானும் அம்மாவும் இருக்கிற நிலைமைக்குச் சுகமாக இருக்கிறோம். அந்தத் தூர தேசத்தில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று நல்லூரானை வேண்டிக்கொள்கிறோம். செப்டெம்பரில் நீ எழுதிய கடிதம் முந்தாநாள்தான் கிடைத்தது. சண்டையால் மயிலிட்டியை விட்டு வந்து இரண்டரை வருசமாகிறது, இன்னும் இந்த ஒற்றை அறைதான். அம்மாவின் முழங்கால் வீக்கம் குறையவில்லை, மருந்தும் இல்லை. எனக்கு அலுப்பைத் தவிர வேறு வருத்தமில்லை.

உங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை, புது வேர் விட்டால் கொழுந்து கூடும் என்று ஜனவரி வெயிலுக்கு முன் நாற்பது ஏக்கரிலும் செடிகளின் வேரை இரண்டு பக்கமும் வெட்டச் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருந்தாய். நீ நடை பழகிய வருசம், மலைநாட்டில் நான் வெளிவேலை மேற்பார்வை பார்த்த தோட்டத்துத் துரையும் நாலாம் மலை என்கிற தேயிலைத் துண்டில் இதே கட்டளைதான் போட்டார். அப்போதுதான் கவ்வாத்து முடிந்து செடிகள் மொட்டையாக நின்றன. கங்காணி வீரமலை என்னிடம் வந்து, "ஐயா, மேலயும் வெட்டிப்புட்டுக் கீழயும் வெட்டினா செடி எதைத் திங்குமுங்க?" என்று கேட்டார். கவ்வாத்து வெட்டிய செடி வேரில் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் துளிர்க்கும், அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, துரை சொன்னதைச் செய் என்று அனுப்பிவிட்டேன். மழை பிந்தியது. மூன்றில் ஒரு செடி காய்ந்து போயிற்று, மிஞ்சியவை இரண்டு வருசம் அரைவாசிக் கொழுந்துகூடத் தரவில்லை. ஓடைக்கரையில் எட்டு நிரையில் மட்டும் வீரமலை எங்களுக்குச் சொல்லாமல் ஒரு பக்க வேரைத்தான் வெட்டியிருந்தார். அவை நாலு மாதம் சோர்ந்து கிடந்து, பிறகு பழைய அளவுக்கு வந்தன. கூடத் தந்தன என்று சொல்லமாட்டேன்.

விசாரணை வந்தபோது, தான் சொன்னபடி கங்காணி வெட்டாததால்தான் மலை கெட்டது என்று துரை எழுதினார். நானும் அதில் கையெழுத்துப் போட்டேன், மகன். வீரமலைக்கு வேலை போயிற்று, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். லயத்து வீட்டை விட்டுப் போகிற அன்று என்னைத் திட்டுவார் என்று பயந்து நின்றேன். அவர் கிட்ட வந்து, "ஓடைக்கரைச் செடிய இந்த வருசம் வெட்டாம விட்டுருங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இருபது வருசமாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. நேற்றுத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "இதைப் பிள்ளைக்கு எழுதுங்கோ, ஒண்டையும் மறையாதேங்கோ" என்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிச்ச அரிசியைப் புடைத்தார்.

ஆகவே வெயிலுக்கு முன் வேரைத் தொடாதே. வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் மழை பிடித்த பிறகு, பத்து நிரையில், ஒரு பக்கம் மட்டும் வெட்டிப் பார். முதலில் விரல் தடிப்பான வேரொன்றை நறுக்கி அயடீன் ஒரு சொட்டு விடு, கறுத்தால் செடிக்குள் சாப்பாடு இருக்கிறது, கறுக்காவிட்டால் விட்டுவிடு. இதைத் துரைக்கு எழுத்தில் கொடு. உன் கீழ் வேலை செய்கிறவர்களின் தலையில் பழி போடுகிற கடுதாசியை நீட்டினால் பேனையை எடுக்காதே.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கத்தரீனா ரீச்சர் நாளைக்கு வள்ளத்தில் கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போகிறார், இதை அவரிடம்தான் கொடுத்துவிடுகிறேன். மலைக்குளிர், சனிக்கிழமை முழுகினால் தலையை நன்றாகத் துவட்டு. எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்குண்டு. நான் சொன்னதைக் கேட்டு உன் வேலை போனால் வெட்கப்படாதே. "பிள்ளை இஞ்சை வரட்டும்" என்கிறார் அம்மா. அவருக்குப் பார்க்க ஆசை. நீ கொழும்பில் குணலட்சுமி மாமி வீட்டில் நில், வேறு தேசம் தேடு, இங்கே மட்டும் வராதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கனகரத்தினம்