செஞ்சிக்கு வந்த சோலைமந்தி

நேற்று மழை பெய்தபோது அது கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தது. மழை நின்ற பிறகும் கையை உள்ளே இழுக்கவில்லை.

அக்கா, நீ போய் ஒரு மாதம் முடிந்துவிட்டது. உன் மூச்சிழுப்புக்குக் குரங்குக் கறியில் லேகியம் கிண்ட நைனா சந்தையில் வாங்கி வந்தாரே, அந்தச் சோலைமந்தியைத்தான் சொல்கிறேன். நீ இருந்தால் அதற்கு என்ன ஆனது என்றுதான் முதலில் கேட்பாய்.

அது வந்த அன்று தெருவே நம் மாட்டுக்கொட்டகையில் கூடியது. உடம்பெல்லாம் கறுப்பு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். தாடி போன்ற அந்தப் பிடரியைப் பார்த்து, மாமனார் வந்துவிட்டார் என்று அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்க, எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி கூண்டின் முன்னால் உட்கார்ந்து, "நீ எப்பிடி இவ்ளோ தூரம் கீழ வந்த?" என்று அதனிடமே கேட்டாய்.

நீயும் நைனாவும் கங்காணியோடு ஆனைமலை எஸ்டேட்டுக்குப் போனபோது, அம்மா கூலிக்குப் போனால் வீட்டையும் மாட்டையும் பார்க்க ஆளில்லை என்று என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். மூன்று வருஷம் கழித்து நீ நைனாவோடு திரும்பி வந்தாய். இழுப்பையும் கொண்டு வந்தாய், அந்தக் காட்டையும் கொண்டு வந்தாய். சோலைமந்தி தரைக்கு இறங்குவதே அபூர்வம் என்றாய். பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உச்சிக்கிளையிலேயே பொழுதைக் கழிக்குமாம். ஒரு தாய் அடுத்த குட்டி போட இரண்டு மூன்று மழைக்காலம் ஆகுமாம். ஒன்றைச் சுட்டால் அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது என்பாய். "மரமும் மரமும் தொட்டுக்கினு இருக்கணும். அதான் அதுங்களுக்கு ரோடு. தேயில வெக்கிறோம்னு நாம அந்த ரோட்ட வெட்டிட்டோம்" என்றாய். வெட்டிய கிளைகளைச் சுமந்தவள் என்பதால் நீ எப்போதும் 'நாம' என்றுதான் சொன்னாய்.

லேகியம் வேண்டாம் என்று நீ பிடிவாதமாக நின்றபோது நைனா கெஞ்சினார், பிறகு கத்தினார். மலையில் நான் கிண்டிக் கொடுத்ததைத் தின்றாயே, அந்தத் தை மாதம் நன்றாக ஆகிவிட்டதே என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். எதற்குப் பார்த்தாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ போன பிறகு நைனா கொட்டகைப் பக்கமே வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு: "ஒரு உருண்ட தின்னிருந்தா எம் பொண்ணு இருந்திருப்பா." நாலைந்து நாள் நானும் அதை நம்பினேன். மறைக்காமல் சொல்கிறேன், அந்த நாட்களில் மந்திக்குத் தண்ணீர் வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் லேகியம் கிண்டச் சொன்ன வைத்தியர் வந்து, வேறொரு வீட்டில் லேகியத்துக்குக் கேட்கிறார்கள், மந்தியைத் தர முடியுமா என்றார். சனிக்கிழமை காலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நைனா சொல்லிவிட்டார். அவரும் அன்றைக்குத்தான் மறுபடி மலைக்குக் கிளம்புவதாக இருந்தார்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "நம்ம கோட்ட மலையில எத்தினி கொரங்கு திரியுது, அதோட இதுவும் ஒண்ணா இருந்துட்டுப் போவுது" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. புதன்கிழமை இரண்டு பேரும் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் ராஜகிரி அடிவாரத்தில் திறந்துவிட்டோம். அது ஒற்றைப் புளியமரத்தில் ஏறியது. அடுத்த மரத்தைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எங்கே பார்த்தாலும் பாறை. கோட்டைக் குரங்குகள் கூட்டமாக வந்து பல்லைக் காட்டிக் கிளையை உலுக்கின. ஒன்று அதன் வாலைக் கடித்தது. வெயில் ஏறும்வரை தாக்குப்பிடித்துவிட்டு, தானே இறங்கி வந்து கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. நீ அத்தனை சொல்லியும் எங்கள் இரண்டு பேருக்கும் புத்தியில் ஏறவில்லை பார். குரங்கு என்றால் செஞ்சி மலை போதும் என்று நினைத்துவிட்டோம்.

இன்று சனிக்கிழமை காலை நைனா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் நின்று எனக்குப் பேசிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். எது வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் சொல்வேன். இதை அம்மாவிடம் சொல்லி அனுப்ப முடியாது. தின்னாததால்தான் செத்தாள் என்று அவர் திருப்பிக்கொள்வாரோ என்ற பயமும் இருந்தது. ஆனாலும் போய் நின்றேன்.

"நைனா, மலையில நீ குடுத்த லேகியத்த அக்கா தின்னல."

கயிற்றை இழுத்த கை நின்றது. "இன்னா சொல்ற?"

"தேயிலச் செடிக்கு அடியில பொதச்சிட்டா. ஒரு உருண்ட கூடத் தின்னல. தின்னாமதான் அந்தத் தை மாசம் நல்லா இருந்தா. மழ விட்டுச்சு, இழுப்பும் விட்டுச்சு. நீ ஆசையா கிண்டுனதால உங்கிட்ட சொல்ல வேணான்னா."

நைனா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், அக்கா. அது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கயிற்றைக் கீழே விட்டுவிட்டு, "மூணு நாளு அடுப்பாண்டயே நின்னு கிண்டுனேன். கழுத, செடிக்கா போட்டா?" என்றார். கண் நிறைந்திருந்தது. "அந்தச் செடி நல்லாத் தழச்சிருக்கும்" என்று சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

எழுந்து கொட்டகைக்குப் போனார். கூண்டைத் தூக்கிக் கனம் பார்த்தார்.

"எஸ்டேட்டுக்கு அந்தாண்ட பள்ளத்துல இன்னும் வெட்டாத சோல இருக்குது. அதுங்க கத்துறது நானே கேட்டிருக்கேன். வைத்தியருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ரெண்டு நாளு பயணம். வழியில இன்னா தின்னும் இது?"

நான் உள்ளே போய், உரிக்காத வேர்க்கடலை இரண்டு படி அள்ளித் துணிப்பையில் போட்டு, அதன் வாயைச் சணலால் கட்டினேன்.