விமானத்துக்கு அடைச்ச மடை

வாப்பாவுக்கு ஸலாம். உம்மாட முழங்கால் நோவு எப்படி? நான் சுகம். என்னோட வேலை செய்ற ரிப்கான் ஊருக்கு வாறான், அவன்ட கையில இந்தக் கடிதத்தக் குடுக்கிறன். போன்ல சொன்னா உம்மா பக்கத்துல நிப்பா.

நம்மட அரபி முதலாளி, அர்பாப், கராஜுல சொந்தமா ஒரு சின்ன விமானம் கட்டுறாரே, அதுல கார்ட ரோட்டரி இன்ஜின். கொஞ்சம் ஓடினாலே கொதிக்கும். நம்மட இறால் பண்ணை பம்புக்கு ஊத்துற மாதிரி தண்ணி ஊத்துவோம் எண்டு சூட்டோட ரேடியேட்டர் மூடியத் திறந்துட்டன். கொதி தண்ணி கையில கொஞ்சம் பட்டுச்சு, புண் காஞ்சிட்டு. உம்மாட்ட சொல்லாதீங்க.

பாத்தா தண்ணி நிறைய இருக்கு. காத்துதான் ரேடியேட்டருக்குள்ள போகாம ஓரத்தால தப்பி ஓடுது. முந்தல் இறால் பண்ணையில தண்ணி ஓரத்தால போகாம மடை வலையச் சுத்தி நீங்க களிமண் அப்புவீங்களே, அது ஞாபகம் வந்துச்சு. தகரமும் ரப்பரும் வெச்சு ஓரமெல்லாம் அடைச்சன்.

நேத்து விமானம் கடலுக்கு மேல சுத்திட்டு வந்துச்சு. அர்பாப் இறங்கினதும், "சூடு காட்டுற முள்ளு சிவப்புப் பக்கமே போகல்லடா! வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய நீயும் ஏறு" எண்டார்.

ஸ்கூல விட்டவன் எதுல ஏறி முன்னுக்கு வரப்போறான் எண்டு கேட்டீங்களே வாப்பா, இதுலதான்.

ரிப்கான் திரும்பி வரக்க கருவாடு குடுத்தனுப்புங்க. பண்ணை பம்பு ஓடுற சத்தத்தையும் போன்ல பதிஞ்சு அனுப்புங்க, அது இல்லாம நித்திரை வருதில்ல. அர்பாப் கூப்பிடுறார், போறன்.

உங்கட மகன்,
இஸ்ஹாக்